உறையில் பூ எழும்ப வேண்டுமென்றால் முதலில் ஈரத்தைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காட்டுக்கத்திக்கும், தேன் எடுக்கப் போகிறவர்களின் கத்திக்கும் தோல் உறை தைக்கிறார். ஒன்றரை வருடமாகிறது, தையல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் உறையின் முகத்தில் பூவும் கொடியும் செதுக்கினால் எழும்பாமல் தட்டையாகக் கிடக்கிறது. வெட்டிய கோடு பிசிறடிக்கிறது. அச்சு அடித்த இடம் ஒரு பக்கம் கறுத்தும் ஒரு பக்கம் வெளிறியும் இருக்கிறது. "வெளிநாட்டுக் கருவிப் பெட்டி ஒன்று எடுப்பித்தால் சரிவருமா அண்ணை?" இதுதான் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்களுடையது நிதானமான கை. இரண்டாவது உறையில் கொடி வளைந்து இறங்குகிற இடத்தில் அது நன்றாகத் தெரிகிறது. பிழை தோலின் ஈரத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதிய குறைகளில் பெரும்பாலானவை ஈரம் கூடியதாலோ குறைந்ததாலோ வருபவை. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பெட்டியை வாங்கினாலும் அதே தட்டைப் பூதான் வரும்.

அதற்கு முதல் தோலைப் பற்றி. செதுக்கு வேலைக்குப் பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல் மட்டுமே உதவும். செருப்புக்கும் கைப்பைக்கும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் குரோம் தோல், குரோமிய உப்பில் பதனிட்டது. அது மெதுமெதுப்பாக அழகாக இருக்கும், ஆனால் அடித்த அச்சை வைத்திருக்காது, ரப்பர்போல மீண்டுவிடும். வாங்குமுன் ஒரு ஓரத்தை நாக்கு ஈரத்தால் நனைத்து நகத்தால் அழுத்துங்கள். நனைந்த இடம் உடனே கருமையாகி, நகத்தடம் அப்படியே நின்றால் பட்டைத் தோல். ஈரம் உருண்டு ஓடி, தடம் மறைந்தால் குரோம். வெட்டுமுகத்தின் நடுவில் நீலச்சாம்பல் நிறம் தெரிந்தாலும் குரோம்தான். உறைக்கு 3 முதல் 3.5 மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். முதுகுப் பக்கத் தோலாகப் பாருங்கள். வயிற்றுப் பக்கம் இழுபடும், அதில் கோடு நேராக நிற்காது. பழகுவதற்கு மட்டும் வயிற்றுத் துண்டு வாங்கலாம், மலிவு.

நம் வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவரசின் பட்டையில்தான் தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோல் பதனிட்டார்கள். அந்தப் பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து, தனின், தோலின் நாரோடு நாராகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தோல் ஈரத்தில் களிமண்போல வளைந்துகொடுத்து, காய்ந்தபின் வளைந்தபடியே இறுகும். நம் வேலைக்கு வேண்டிய குணம் அதுதான். தனினை மறக்காதீர்கள், கொஞ்சம் கீழே அதைப் பற்றித் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, ஈரம். நீங்கள் பஞ்சால் நனைத்து உடனே வெட்டத் தொடங்குகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் மேற்புறம் ஊறியும் உள்ளே உலர்ந்தும் இருக்கும். கத்தி மேலே வழுக்கிக்கொண்டு போய் உள்ளே இழுக்கும், பிசிறடிப்பது அதனால்தான். நான் செய்கிற முறை இது. இரவு படுக்கப் போகுமுன் தோலை நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை சில கணம் வைத்து எடுப்பேன். மேலே நிற்கிற தண்ணீரைத் துடைத்து, பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் சுற்றி வைப்பேன். விடியும்போது ஈரம் தோலின் முழுத் தடிப்பிலும் ஒரே அளவாகப் பரவியிருக்கும். பையிலிருந்து எடுத்து நிழலில் விட்டால் மேற்புறம் மெல்ல மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும். நிறம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது, ஆனால் கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்கிறது. அந்த நேரம்தான் வெட்டத் தொடங்க வேண்டிய நேரம். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், வேலை செய்து காய்த்த விரலுக்கு இந்தக் குளிர் தெரியாது. கன்னத்துக்குத் தெரியும்.

சரியான ஈரமா என்பதை அச்சும் சொல்லும். ஒரு கழிவுத் துண்டில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அடித்த இடம் மினுக்கத்தோடு கபில நிறமாக இறங்கினால் சரி. அச்சைச் சுற்றித் தண்ணீர் கசிந்தாலோ, தடம் சேறுபோல மெல்ல மூடிக்கொண்டாலோ ஈரம் அதிகம், பதினைந்து நிமிடம் விடுங்கள். தடம் வெளிறி, எவ்வளவு அடித்தாலும் ஆழம் போகவில்லை என்றால் காய்ந்துவிட்டது. உங்கள் படத்தில் ஒரு பாதி கறுத்தும் ஒரு பாதி வெளிறியும் இருப்பதன் கதை இதுதான். நல்ல ஈரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், பாதி வழியில் தோல் காய்ந்துவிட்டது, நீங்கள் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போயிருக்கிறீர்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் ஒருமுறை நனைத்து ஒரு நேரம் முழுக்க வேலை செய்யலாம். வன்னியில் அது நடக்காது. சோளகம் அடிக்கிற மாதங்களில், மே தொடங்கி செப்ரெம்பர் வரைக்கும், பத்து மணிக்குப் பிறகு தோல் கண்முன்னே காயும். அதனால் விடிய ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் வெட்டும் வேலையையும், வெட்டிய கோட்டின் ஒரு பக்கத்தை அச்சால் தாழ்த்திச் சரிவு அடிக்கும் வேலையையும் முடித்துவிடுவேன். மின்விசிறி போடுவதில்லை. கை வைக்காத பகுதியைப் பொலித்தீனால் மூடியே வைத்திருப்பேன். திரும்ப நனைக்க வேண்டி வந்தால் காய்ந்த இடத்தை மட்டும் நனைக்காதீர்கள், விளிம்பில் தண்ணீர்க்கறை வரம்பு கட்டிவிடும். பஞ்சைப் பிழிந்து முழு முகத்தையும் ஒரே இழுப்பில் துடையுங்கள். மாரியில் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் நனைத்த தோலைப் பைக்குள் இரண்டு நாள் வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரே நாளில் முடிக்க ஏலாத வேலையென்றால் பையோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இப்போது தனினுக்கு வருகிறேன். உங்கள் மூன்றாவது உறையில் மொட்டுக்குப் பக்கத்தில் நீலக்கறுப்பாகச் சிதறிய புள்ளிகள் இருக்கின்றனவே, அது அழுக்கில்லை, தேய்த்தாலும் போகாது. இரும்பும் தனினும் ஈரத்தில் சந்தித்தால் மைதான். முன்காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து எழுதுமை காய்ச்சினார்கள், அதே இரசாயனம் உங்கள் தோலில் நடந்திருக்கிறது. இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வீட்டில் செய்த ஆணி அச்சிலிருந்து வரலாம், அரம் போட்ட தூள் மேசையில் கிடந்திருக்கலாம், தண்ணீரிலேயே இருக்கலாம். நான் தொடங்கிய காலத்தில் துருவேறிய தகர வாளியில் நனைத்து ஒரு முழுப் பட்டித் தோலைப் பாழாக்கினேன். வாங்கிய காசை நினைத்து இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. உங்கள் பக்கத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் பிளேன்ரீ ஊற்றினால் மைபோலக் கறுக்கிறதா? கறுத்தால் அந்தத் தண்ணீர் தோலுக்கு ஆகாது. மழைத்தண்ணீரைப் பிளாஸ்டிக் கலனில் பிடித்து வையுங்கள், அது போதும். புள்ளி விழுந்த உடனே கண்டால் தேசிக்காய்ச் சாற்றில் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றுங்கள், வெளுத்துவிடும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

அச்சுக் கருவிகளை ஆணியில் செய்வதை நான் குறை சொல்லவில்லை. என்னுடைய அச்சுகளில் பாதி அப்படிச் செய்தவைதான். முகத்தை அரத்தால் வடிவமாக்கியபின் 400, 800, 1200 இலக்க நீர்த்தாளில் வரிசையாகத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்குங்கள். அரத்தின் கீறல் ஒன்று மிஞ்சினாலும் அது ஒவ்வொரு அடியிலும் தோலில் பதியும். துருப்பிடிக்காத உருக்கில் பழைய போல்ட் கிடைத்தால் ஆணியைவிட அது நல்லது, கறுப்புப் புள்ளித் தொல்லை இல்லை.

கத்தி பற்றி. காசு செலவழிப்பதானால் இந்த ஒன்றுக்குச் செலவழியுங்கள். ஆட்காட்டி விரல் மேலே தாங்க, பெருவிரலும் நடுவிரலும் தண்டை உருட்ட, கத்தி திரும்பிக்கொண்டே வளைவில் போகும் சுழல்கத்தி அது. நீங்கள் இப்போது பாவிக்கிற பிளேட்டுக் கத்தி தோலை அறுக்கும், ஆனால் வளைவில் திரும்பாது. அதனால் உங்கள் வளைவெல்லாம் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைந்திருக்கிறது. கத்தி கிடைத்த அன்றே தீட்டப் பழகுங்கள். ஒரு பலகையில் தோல் துண்டு ஒட்டி மெருகுப்பசை பூசி வைத்து, ஒவ்வொரு பத்து நிமிடமும் நாலைந்து இழுப்பு. ஈரத் தோலில் கத்தி இழுத்துப் பிடித்தால் எண்பது வீதம் தீட்டாத கத்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது கத்தியை உங்கள் பக்கமாக இழுங்கள், பக்கவாட்டில் சாயவிடாதீர்கள். சாய்ந்தால் கோட்டின் ஒரு கரை கூரையாக நின்று, சரிவு அடிக்கும்போது கிழியும். ஆழம் தோலின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, உங்கள் தோலுக்கு ஒரு மில்லிமீற்றர் சொச்சம். ஒரு கோடு இன்னொரு கோட்டைக் குறுக்கே வெட்டக் கூடாது. கொடி பூவுக்குப் பின்னால் போகிறதென்றால் பூவின் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் கத்தியைத் தூக்கிவிடுங்கள். முனைகளில் ஆழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கோடு தானாக மறைவதுபோல முடியுங்கள். பூவுக்குள் போடும் அலங்கார வெட்டுகள் எல்லாம் கடைசியில், சரிவும், பூவைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை அச்சால் தாழ்த்துகிற பின்னணி வேலையும் முடிந்தபிறகு. அந்த வெட்டைத்தான் வாங்குகிறவர் முதலில் பார்ப்பார், அதில் நடுக்கம் மறைக்க ஏலாது.

பூ எழும்புவது சரிவு அடிப்பதில்தான். பெவலர் என்கிற அச்சின் தடித்த பக்கம் வெட்டுக்குள் அமர வேண்டும், எழும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தாழ வேண்டும். இதை நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அச்சைத் தூக்கி வைக்கிறீர்கள், அதனால் படிக்கட்டுப்போல வரிவரியாக இருக்கிறது. அச்சைத் தூக்காமல் தோலோடு ஒட்டவைத்து, மெல்ல நகர்த்திக்கொண்டே சின்னச் சின்னத் தட்டுகள் தட்டுங்கள். ஒரு தட்டு முந்திய தட்டில் பாதியையாவது மூட வேண்டும். பலமாக ஐந்து அடிப்பதைவிட மெல்ல இருபது தட்டுவது எவ்வளவோ மேல். மிஞ்சுகிற வரிகளைத் தேக்கரண்டி முனை மாதிரியான வழுவழுப்பான உலோக முனையால் ஈரத்தோடு தேய்த்தால் மறைந்துவிடும். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து தாழ்வாக வரும்படி விளக்கை வையுங்கள். உச்சி வெளிச்சத்தில் எல்லாச் சரிவும் நல்லதாகத்தான் தெரியும்.

கீழே கல் வேண்டும். பலகையில் அடித்தால் பலகை துள்ளி அடியின் பாதியை விழுங்கிவிடும். மாபிள், கருங்கல் வெட்டுகிற கடையில் கழிவுத்துண்டு கேளுங்கள், இரண்டங்குலத் தடிப்பென்றால் நல்லது. அதை மேசைக்காலுக்கு நேர் மேலே வையுங்கள். இரும்புச் சுத்தியலைத் தள்ளி வையுங்கள், அது அச்சின் தலையைச் சிதைக்கும். மரக் கொட்டாப்புளிதான் சரி. பாலைக் கட்டையில் அரைக் கிலோவுக்குள் கடைந்தெடுங்கள். பாலையைப்போல இறுக்கமும் பாரமும் உள்ள கட்டை உங்கள் ஊரில் விறகுக் குவியலிலேயே கிடைக்கும்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையும் ஈரமும் சரியாகிவிட்டால் பிறகு உறையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் படம்தான். இந்த வேலை வளர்ந்தது குதிரைச் சேணத்திலும் துப்பாக்கி உறையிலும். ஸ்பானியர் மெக்சிக்கோவுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து அமெரிக்க மேற்கின் மாட்டுப் பண்ணைகளுக்குப் போனது. வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் ஊரில் டொன் கிங் என்ற சேணத் தொழிலாளி வளர்த்த பாணியை இன்றும் ஷெரிடன் பாணி என்கிறார்கள். சின்னப் பூக்கள் நெருக்கமாக, கொடிகள் வட்டம் வட்டமாகச் சுழன்று ஒன்றுக்குள் ஒன்று புகும். நீங்கள் கைபேசியில் பார்த்துப் படியெடுப்பது அந்தப் பூக்களைத்தான். துப்பாக்கி உறையை நம் ஊர் போதிய அளவு பார்த்துவிட்டது. அந்தக் கொடியின் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட, அந்த ஓட்டம் நம்மிடமே இருக்கிறது. கோயில் தேரின் மரவேலையிலும் தூணிலும் கொடிக்கருக்கு என்று சொல்வார்களே, அதைப் போய் நின்று பாருங்கள். ஒரு தாய்க்கொடி அலையாகப் போகும், ஒவ்வொரு கிளையும் தாய்க்கொடியை உரசிக்கொண்டே மெல்லப் பிரியும், எந்தக் கிளையும் முட்டுக்கட்டைபோலக் குறுக்கே முளைக்காது. உங்கள் முதல் உறையில் இலைகள் தண்டில் ஆணி அடித்ததுபோல நிற்கின்றன, அதனால்தான் உயிர் இல்லை. பென்சிலால் முதலில் தாய்க்கொடியை மட்டும் வரையுங்கள். அது தனியாகவே அழகாக இருந்தால்தான் இலை போடுங்கள்.

பூவுக்கும் வெளியே போக வேண்டாம். குளத்தில் தாமரையும் ஆம்பலும் இருக்கின்றன. முல்லை உங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் முல்லை ஐந்தாறு மெல்லிய இதழ், செதுக்கினால் எழும்புவதற்கு இடம் போதாது, அதை மொட்டாக வைத்துத் தாமரையைப் பெரிய பூவாக வையுங்கள். முழுக்கப் பூ வேண்டாமென்றால் பெட்டிப் பின்னல் அச்சு இருக்கிறது, பனையோலைப் பெட்டியின் இழைபோலவே தோலில் வரும். பார்க்க இலேசாகத் தெரியும், ஆனால் முதல் வரி ஒரு மில்லிமீற்றர் கோணினால் பத்தாவது வரி ஊருக்கே தெரியும். சாய்வாக ஒரு கோடு இலேசாகக் கீறிவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

உறைக்கென்று சில விஷயங்கள். கத்தி உறை மேலே அகன்று கீழே ஒடுங்கும், ஆகவே பெரிய பூ வாய்ப்பக்கம் இருக்கட்டும், கொடி நுனியை நோக்கி இறங்கட்டும். இடுப்பில் தொங்கும்போது எது மேலே என்று நினைத்து வரையுங்கள். மேசையில் வைத்துப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்ற பூ பட்டியில் மாட்டினால் தலைகீழாகிவிடக் கூடாது. மடிப்புக் கோட்டைத் தாண்டிப் படம் போகக் கூடாது. தையல் கோட்டை முதலில் கீறி, அதிலிருந்து 6 மில்லிமீற்றராவது உள்ளே தள்ளிக் கரைக்கோடு போடுங்கள். அடிக்க அடிக்கத் தோல் விரியும், அதனால் தோலின் பின்புறம் முழுக்கப் பொதியொட்டும் ரேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். உறையின் இறுதி வடிவத்தை வெட்டுவது செதுக்கி முடிந்தபிறகு. நீங்கள் முதலே வெட்டிவிடுகிறீர்கள், இரண்டு பக்கமும் பொருந்தாமல் போனதாக எழுதியிருந்தீர்களே, காரணம் அது. கத்தியின் வடிவத்துக்குத் தோலை ஈரமாக அமுக்கிப் பிடிப்பதானால் செதுக்கிய முகத்தைத் திரும்ப ஊறவிடாதீர்கள், எழுப்பியதெல்லாம் படுத்துவிடும். பின்புறத்தையும் ஓரத்தையும் மட்டும் நனைத்து, விரலால் அமுக்குங்கள். கத்தியைப் பொலித்தீனால் சுற்றித்தான் உள்ளே வைக்க வேண்டும். பட்டறையில் அடித்த கத்தி இரும்புக் கத்தி, ஈரத் தோலுக்குள் ஒரு இரவு இருந்தால் கத்தியும் துருப்பிடிக்கும், உறையும் உள்ளிருந்து கறுக்கும்.

முடிவு வேலை சுருக்கமாக. வெயிலில் காயவிடாதீர்கள், நிழலில் ஒரு நாள். எண்ணெய் மெல்லிய ஒரு பூச்சு மட்டும், கூடினால் உறை தொளதொளத்துவிடும். கோடுகளுக்குள் கருமை நிற்க வேண்டுமென்றால் கபில நிறச் சப்பாத்துப் பொலிஷைப் பூசி, மேட்டிலிருந்து மட்டும் துணியால் துடைத்தெடுங்கள். ஓரத்துக்குத் தேன்மெழுகு தேய்த்து மரக்கட்டையால் உரசுங்கள். தேன் எடுக்கிறவர்களுக்குத்தானே உறை தைக்கிறீர்கள், கூலியில் ஒரு பகுதியை மெழுகாகக் கேட்டு வாங்கலாம்.

பழகுவதற்கு ஒரு வழி. அடுத்த ஒரு மாதம் புதுப் படம் எதுவும் வேண்டாம். ஒரே தாமரை, ஒரே இலை, வயிற்றுத் தோல் துண்டில் இருபது தரம். ஒவ்வொன்றின் பின்னாலும் திகதியும், எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எப்போது திரும்ப நனைத்தீர்கள் என்பதும் எழுதிவையுங்கள். இருபதையும் இரவில் வரிசையாக வைத்து ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். எந்த நேரத்து ஈரம் உங்கள் கைக்கும் உங்கள் வீட்டுக் காற்றுக்கும் ஒத்துவருகிறது என்று அந்தத் துண்டுகளே காட்டிவிடும்.

அந்த இருபதையும் எடுத்துக்கொண்டு மாங்குளம் வந்து ஏ9இல் பஸ் பிடித்தால் கிளிநொச்சிக்கு அதிக நேரம் எடுக்காது. விடிய வெளிக்கிட்டு வாருங்கள், இரண்டு மணித்தியாலம் சேர்ந்து இருந்து அடிப்போம். வரும்போது உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவாருங்கள். ஒரு துண்டுத் தோலில் ஊற்றிக் காயவிட்டுப் பார்ப்போம்.